டோபர்மோரியில் தொலைந்த அட்டை

"எப்பிடி அண்ணை ஹொலிடே?" லண்டன் கிங்ஸ்பரியில் எதிர்ப்படுகிற எல்லோரும் கேட்கிறார்கள். நல்லது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். நடந்ததை உங்களிடம் மட்டும் சொல்கிறேன் - சிரிக்க மாட்டீர்கள்தானே?

போன மாதம் நானும் மனைவி ரஞ்சியும் ஸ்கொட்லாந்துத் தீவுகளைச் சுற்றும் கப்பலில் போனோம். டோபர்மோரி என்ற குட்டித் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டார்கள். கரைக்குச் சின்னப் படகில் போகவேண்டும். கடைசிப் படகு நாலரைக்கு. கப்பலில் தந்த அட்டையைக் காட்டினால்தான் திரும்ப ஏற்றுவார்கள்.

கரையோரம் வரிசையாகக் கடைகள். ஒன்று சிவப்பு, அடுத்தது மஞ்சள், அதற்கடுத்தது நீலம்... கலியாண வீட்டுக்குப் பட்டுடுத்தி வந்த பெண்கள் மாதிரி. ரஞ்சி ஒவ்வொன்றாக நுழைந்து வந்தாள். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனேன்.

நாலு மணிக்குச் சட்டைப் பையைத் தடவினேன். அட்டை இல்லை!

உங்களில் பலருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் அடையாள அட்டை இல்லாமல் கடைக்குப் பாண் வாங்கக்கூடப் போகாதவர்கள் நாங்கள். லண்டனுக்கு வந்து எட்டு வருஷம். இன்னும் குப்பை போடப் போனாலும், அகதிகளுக்குப் பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகத் தரும் ட்ராவல் டொக்குமென்ட் என் பையில் இருக்கும். அன்று அதையும் கப்பல் அலுவலகத்தில் வாங்கி வைத்திருந்தார்கள். நான் யார் என்று சொல்ல ஒரு கடுதாசித் துண்டுகூடக் கையில் இல்லை.

"எங்கையப்பா கடைசியா எடுத்தனீங்கள்?" என்றாள் ரஞ்சி.

"அந்த மஞ்சள் கடையில."

"மஞ்சளுக்குள்ள நாங்கள் போகவேயில்லை. தேத்தண்ணி குடிச்சது நீலத்தில."

நீலத்துக்கு ஓடினேன். சிவப்புக்கு ஓடினேன். ரஞ்சி சொன்னதை நம்பாமல் மஞ்சளுக்கும் ஓடினேன். எங்கும் இல்லை.

நாலு இருபத்தைந்து. படகடியில் சீருடை போட்ட ஒருவன் அட்டைகளைப் பார்த்து ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தான். சீருடையைக் கண்டதும் என் கைகள் தானாக மேலே போகப் பார்த்தன... ரஞ்சியின் காதில் சொன்னேன்: "நீர் போம். போய் டொக்குமென்டை எடுத்து அனுப்பும். நான் இஞ்சை நிக்கிறன்."

"உங்களுக்கென்ன விசரே? விட்டிட்டுப் போக ஏலாது."

எங்கள் முறை வந்தது. ரஞ்சி தன் அட்டையை நீட்டினாள். நான் வெறும் கையை விரித்தேன். 'ஸொறி' என்ற ஒரு சொல்தான் வெளியே வந்தது.

அவன் என் முகத்தைப் பார்த்தான். சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னான்: "மூன்று நாளாகக் காலை முட்டைக்குப் பச்சை மிளகாய் கேட்டு எங்கள் சமையல்காரரை அலைக்கழிப்பவர் நீங்கள்தானே, சேர்? ஏறுங்கள். உள்ளே போய் வேறு அட்டை எடுக்கலாம்."

அவ்வளவுதான். ஏறி உட்கார்ந்தோம். ரஞ்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெட்கமில்லாமல் சொல்கிறேன் - கண் கலங்கிவிட்டது.

ஊரில் அட்டை கையில் இருந்தும், ஆமிக்காரர் 'இது நீதானா?' என்று மணிக்கணக்கில் வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். அட்டையே இல்லாதவனைப் பார்த்து 'இது நீதான்' என்று சொல்லும் ஒருவனைக் காண ஸ்கொட்லாந்து வரை போகவேண்டி வந்தது.

அதுவும் பச்சை மிளகாயின் தயவில்!