அவிழ்த்த தொட்டில்

நான் அப்போது மதுரையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் டைப்பிஸ்ட். ஐப்பசி பிறந்தாலே எங்களுக்குப் புயல் வேலை தொடங்கிவிடும். உடைந்த ஓடுகளை மாற்றுவோம், மரக்கிளைகளைக் கழிப்போம்.

அந்த வருடம் ரேடியோவில் தினமும் புயல் எச்சரிக்கைதான். எங்கள் ஓட்டுக் கூரைமேல், மதிலோரத்து வேம்பின் பெருங்கிளை ஒன்று சாய்ந்திருந்தது. அதை வெட்ட ஏணியில் ஏறிய மரம்வெட்டி உடனே இறங்கிவிட்டார்.

"பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டியிருக்காக. பிள்ளை பொறந்தப்புறம் கட்டுனவுக கையாலதான் அவுக்கணும். நான் தொட மாட்டேன்."

கிளையில் ஒரு மஞ்சள் துணித் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. சாமியே இல்லை என்று வாதாடும் எங்கள் சூப்பிரண்டெண்டும் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, வெட்டச் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை, மரத்தைக் கும்பிட, தொட்டிலைக் கட்டிய பெண்ணே வந்தாள். பக்கத்து ஊரான கோச்சடைக்காரி. நான்தான் விஷயத்தைச் சொன்னேன். அண்ணாந்து தொட்டிலைப் பார்த்தாள்.

"கெளைக்குக் கீழ யாரு இருக்கா?"

"நாங்கதான்க்கா, ஆபீஸ்ல."

"நீங்களும் யாரோ பெத்த பிள்ளைகதானே" என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறினாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள். தொட்டிலுக்குள் குழந்தைக்குப் பதிலாக வைத்திருந்த சின்னக் கல்லை மடியில் கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

புயலில் வேம்பு வேரோடு விழுந்தது. கிளையைக் கழித்திருந்ததால் எங்கள் பக்கம் சாயவில்லை.

அவளை அப்புறம் நான் பார்க்கவே இல்லை. எனக்குக் கல்யாணமாகி மகள் பிறந்தபோது, வீட்டில் தொட்டில் கட்டினார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னால் அந்த முடிச்சைப் பார்க்க முடியவில்லை.