கரண்டி பிடித்தவளுக்குத் துப்பாக்கி மாட்டிய பள்ளிக்கூடம்

அந்த உயர்நிலைப் பள்ளியின் பஸ்ஸை ஓட்டுகிறவளை, தலைமையாசிரியர் முதற்கொண்டு எல்லாரும் பஸ்ஸக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புருஷன் போனபிறகு அவன் ஓட்டிய பஸ்ஸை அவள் கேட்டு வாங்கினாள். "பொம்பளைக்கு இது சரிப்படுமா?" என்று உதட்டைப் பிதுக்கியவர்களின் பிள்ளைகளைத்தான் அன்றிலிருந்து ஏற்றி இறக்குகிறாள். அவள் வளைவில் திருப்புகிற நேர்த்திக்கு, பின் சீட்டில் பாதி விட்ட கொட்டாவிகூடக் கலையாமல் முழுசாய் முடியும்.

அவளுக்கு ஒரே மகள். அதே பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து போய், அதே பள்ளியில் படித்து, ராணுவத்தில் சமையல்காரியாகச் சேர்ந்துவிட்டாள். ஒரு முகாமுக்கே சமைக்கிறாள். அவள் அண்டாவில் கரண்டி விழுந்தால் எடுக்கப் படகில்தான் போகவேண்டும் என்று பஸ்ஸக்கா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். நானும் நம்பினேன். அண்டாவைப் பார்க்காதவர்கள் நம்பாமல் என்ன செய்வது?

ராணுவத்தில் இருக்கும் பழைய மாணவர்களுக்கு மரியாதை செய்வதாகப் பள்ளி அறிவித்தது. மண்டபத்து வாசல் சுவரில் அவர்களுடைய படம், மேடையில் பேர். மகள் அனுப்பிய படத்தைப் பஸ்ஸக்கா புடவை நுனியால் துடைத்துத் துடைத்துக் கொடுத்தாள். வெள்ளைத் தொப்பி, ஏப்ரன், தோளில் துடுப்பு மாதிரி ஒரு கரண்டி, வியர்வையோடு சிரிப்பு.

விழா அன்று காலை பிள்ளைகளை இறக்கிவிட்டு அவள் முதல் ஆளாய்ச் சுவரைப் பார்க்க ஓடினாள். முகம் மகளுடையதுதான். கழுத்துக்குக் கீழே வேறு யாரோ. விறைத்த சட்டை, இரண்டு கையிலும் துப்பாக்கி, புறங்கை முழுக்கக் கரடி மாதிரி ரோமம். பக்கத்துப் படத்தைப் பார்த்தாள். ராணுவத்தில் லாரி பழுது பார்க்கிற, நம்மூர்த் தையல்காரரின் மகன். அவனுக்கும் அதே சட்டை, அதே ரோமம், அதே கைக்கடிகாரம். ஸ்டுடியோக்காரனிடம் ஒரே ஒரு உடம்பு இருந்திருக்கிறது. தலையை மட்டும் மாற்றி மாற்றி ஒட்டியிருக்கிறான்.

சிரிப்புத்தான் முதலில் வந்தது. படமெடுத்து மகளுக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது. மகளும் சிரித்தாள். அப்புறம் பேச்சு நின்றது.

"என்னடி?"

"ஒண்ணுமில்லம்மா. அப்போ நான் பாக்குற வேலையைக் காட்டக்கூடாதா?"

அவ்வளவுதான். பஸ்ஸக்காவுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது.

தலைமையாசிரியர் அறையில் மாலைகளுக்கு நடுவே உட்கார்ந்து உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், சுவத்துல இருக்கிறது யாரு?"

"உங்க பொண்ணுதாம்மா. எவ்வளவு கம்பீரமா இருக்கு பாத்தீங்களா?"

"கழுத்து வரைக்கும் என் பொண்ணு. கீழே இருக்கிறவன் யாருன்னு கேக்குறேன். அவளுக்குக் கையில இவ்வளவு மயிர் எப்ப முளைச்சது?"

"ஏம்மா, வீரர்கள் வரிசையில கரண்டியோட ஒரு படம் இருந்தா ஜனங்க சிரிக்க மாட்டாங்களா? பள்ளிக்கூடத்துக்கு ஒரு மதிப்பு வேணாமா?"

"அந்த வீரர்கள் காத்தைக் குடிச்சுட்டா நிக்குறாங்க? ஒரு வேளைச் சோறு நின்னா துப்பாக்கியத் தூக்கத் தெம்பு எங்கேர்ந்து வரும்? நேத்து வரைக்கும் நம்ம பிள்ளைங்கன்னு பேசினீங்க. இன்னிக்கு அந்தப் பிள்ளை செய்யிற வேலை உங்களுக்கு அசிங்கமா?"

"விழா முடியட்டும், பேசிக்கலாம்."

"அப்போ நான் கழட்டிடுறேன்."

"கழட்டினா பேரும் வாசிக்க முடியாது," என்றார் அவர், உரையிலிருந்து தலையைத் தூக்காமலே.

அங்கேதான் அவள் ஒரு நொடி தடுமாறினாள். மேடையில் மகள் பேரைக் கேட்கத்தானே புதுப் புடவை கட்டி வந்திருந்தாள்.

"வாசிக்காதீங்க," என்றாள்.

வாசிக்கவில்லை. மண்டபமே கைதட்டிய ஒவ்வொரு பேருக்கும் அவளும் தட்டினாள். ஊரான் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினாள். சத்தம் கைத்தட்டலா பல்லா என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கே தெரியவில்லை.

கூட்டம் வெளியே வந்தபோது சுவரில் அவள் கழற்றிய இடம் பல் விழுந்த வாய் போலத் தெரிந்தது. அவள் யாரையும் கேட்கவில்லை. அலுவலகத்து மேஜையில் ஓரமாய்ப் போட்டிருந்த மகளின் சொந்தப் படத்தை எடுத்துவந்து, தன் கையாலேயே அந்த ஆணியில் மாட்டினாள்.

தலைமையாசிரியர் விரைந்து வந்தார். "கழட்டுங்கம்மா அதை."

"என் கை கழட்டாது. வேணும்னா நீங்க கழட்டுங்க. எல்லாரும் பாத்துட்டுத்தான் இருக்காங்க."

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். தையல்காரர் அதற்குள் தன் மகன் படத்தண்டை போய், தன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "இது நான் தைச்ச சட்டையே இல்லையே, யாருய்யா இது?" என்று அதையும் இறக்கிவிட்டார். நாலு பேர் சிரித்தார்கள். கரண்டியைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. தலைமையாசிரியர் தூக்கிய கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, யாரோ கூப்பிட்ட மாதிரி உள்ளே போய்விட்டார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. பஸ்ஸக்காவுக்கு அந்தக் கோபம் ஆறவும் இல்லை, ஆறவேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை.

அவள் சுவரைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பினாள்.

"அம்மா, அந்தப் படத்துல தொப்பி கோணலா இருக்கு. வேற அனுப்பட்டுமா?"

"ஒண்ணும் வேணாம், இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளக் கிளம்பினாள்.