எலும்பு வச்ச மாவு

"எல்லாம் சரி, பாத்தா கறி மாதிரியே இல்லையே."

கறிக்கடைக்காரர் வாயில ரெண்டு மாசமா இந்த ஒரு பேச்சுதான். கழுவின மாவத் தூக்கிப் பாத்துச் சொல்வாரு. அவிச்சு எடுத்துட்டுச் சொல்வாரு. கீழ கடையில யாருக்கோ எடை போட்டுக்கிட்டு இருக்கறப்பவே, நெனப்பு மேல வீட்டுக்குப் போயிரும். தராசையே பாத்துக்கிட்டு, "கறி மாதிரியே இல்லையே"ன்னு முனகுவாரு. வாங்க வந்தவரு பயந்துபோய், வாசல்லயே பொட்டலத்தப் பிரிச்சு மோந்து பாத்துட்டுப் போனதும் உண்டு.

கீழ கடை, மேல வீடு. கடையில முப்பது வருஷமா ஆட்டுக்கறி, மாட்டுக்கறி. மேல அடுப்படியில இப்ப வேற தொழில். மைதா மாவக் கெட்டியா பெசஞ்சு, ஒரு மணி நேரம் தண்ணியில ஊறப் போட்டு, அந்தத் தண்ணிக்குள்ளயே கசக்கிக் கசக்கிக் கழுவுவாரு. மொதத் தண்ணி பால் மாதிரி போகும். ஆறாவது தண்ணி தெளியறப்ப, மாவுல பெரும்பகுதி கரைஞ்சுபோய், ரப்பர் மாதிரி ஒரு உருண்டை கையில மிஞ்சும். அதுதான் கறி. அதாவது, கறி ஆகணும்னு அவரு தலைகீழா நிக்கற வஸ்து.

கையோட பழக்கம் விடுமா? அந்த உருண்டையப் புறங்கையால ரெண்டு தட்டு தட்டுவாரு. ரெண்டு விரலால கிள்ளி, இளசா முத்தலான்னு பாப்பாரு. பென்சில் காதுலயே இருக்கும். "எலும்போடவா, எலும்பில்லாமலா?"ன்னு சொந்தப் பொண்டாட்டியையே ஒரு நாள் கேட்டிருக்காரு.

வீட்டம்மா எதையும் வீணாக்காதவங்க. மாவு கழுவின தண்ணியக் காய்ச்சித் துணிக்கெல்லாம் கஞ்சி போட்டுருவாங்க. அந்த வீட்ல தலையணை உறை அட்டை மாதிரி மொடமொடங்குது. அவரு சட்டையக் கழட்டி வச்சா தானா நிக்குது. "இன்னும் ஒரு மாசம் போகட்டுங்க. சட்டையே எறங்கிப் போய்க் கடையத் தொறந்துரும். நீங்க மேலயே மாவு பெசையலாம்"னு ஒவ்வொரு வார்த்தையா இழுத்து இழுத்துச் சொல்வாங்க. அவரு காதுல பென்சில் மட்டும்தான் ஏறும்.

இவ்வளவும் மகளுக்காக. நாலு தெரு தள்ளி தனியா இருக்கா, பஸ் டிக்கெட் ஆபீஸ்ல வேலை. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் மாடிப்படி எறங்கி வந்தவ, கடைக் கொக்கியில தொங்கினதப் பாத்து அங்கேயே நின்னா. பொறந்ததுலேர்ந்து பாத்த கொக்கிதான். அன்னிக்கு என்னமோ, திரும்பி மேல போயிட்டா. அதுக்கப்புறம் கறியத் தொடல. சண்டை கிண்டை எதுவும் இல்ல. ஞாயித்துக்கெழமை தவறாம வருவா. வர்றப்பவே கைப்பையில ஒரு டப்பா வரும். அம்மா அப்பா தட்டுல சாப்பிட, அவ டப்பாவுல சாப்பிடுவா. சொந்த வீட்டு மேசையில மக விருந்தாளி மாதிரி டப்பாவத் தொறக்கற அந்த 'டப்'புங்கற சத்தம் இருக்கே, அது அவருக்கு நெஞ்சுல கேக்கும்.

"பாவம் புள்ள, நாக்கு செத்துப் போயிருக்கும். நம்ம மாவுல அசல் கறி மாதிரியே ஒண்ணப் பண்ணிட்டா டப்பாவ மறந்துருவா" — இதுதான் அவரு கணக்கு.

பண்ணியும் காட்டினாரு. உருண்டையக் கயிறாத் திரிச்சு முடிச்சுப் போட்டு அவிச்சா நார் வருதுன்னு கண்டுபுடிச்சாரு. காளான் வேகவச்ச தண்ணி ஊத்தி வாசம் ஏத்தினாரு. பீட்ரூட் சாறுல ஊறப் போட்டாரு. அடுப்படியில ஒரு கொக்கி அடிச்சு அதுல தொங்கவிட்டு வடிச்சாரு. கடைசியா, வீட்டம்மா அடுப்புக்குப் பக்கத்துல எதையோ தேடிக்கிட்டு நின்னாங்க.

"ஏங்க, மரக்கரண்டி எங்க?"

"எலும்பாயிருச்சு."

கரண்டிக் காம்பச் சீவி, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, மாவுக்கு நடுவுல சொருகியிருந்தாரு.

அந்த ஞாயித்துக்கெழமை மக வந்து உக்காந்தா. இவரு கத்தியத் தீட்டினாரு. நாருக்குக் குறுக்க, ஒரே இழுப்பு. சிவப்பாச் சாறு எறங்கித் தட்டுல ஓடுச்சு.

"இப்பச் சொல்லு. கறி மாதிரி இருக்கா, இல்லையா?"

மக எலும்பப் பாத்தா. சாறப் பாத்தா. அடுப்படிக் கொக்கியப் பாத்தா.

"இருக்குப்பா."

"அப்பறம் என்ன? கை வை."

"அதான்பா, இருக்கே."

டப்.

மக போனதும் வீட்டம்மா தட்ட எடுத்துக்கிட்டே சொன்னாங்க: "பேயப் பாத்துப் பயந்து ஓடி வந்தவளுக்கு, பேய் வேஷம் கட்டி ஆடிக் காட்டின ஆளு நீங்க ஒருத்தர்தான்."

அவரு கரண்டிக் காம்ப உருவிக் கழுவி, இருந்த எடத்துலயே வச்சாரு. கொக்கியப் புடுங்கினாரு. செவுத்துல ஓட்டைதான் மிச்சம்.

அடுத்த நாள் பழையபடி மாவு. இந்தத் தடவ பீட்ரூட் கெடையாது. ஆனா முப்பது வருஷக் கை பேச்சக் கேக்குதா? சும்மா உருட்டினாலும் ஏதாவது ஒரு உறுப்பா வந்து நிக்குது. வீட்டம்மாதான் நீதிபதி.

"இது ஈரல்."

பிச்சுப் போட்டாரு.

"இது தொடை. கண்ண மூடிக்கிட்டுச் சொல்வேன்."

ரெண்டு வாரம் இப்படியே போச்சு. அந்த ரெண்டு ஞாயித்துக்கெழமையும் மேசைக்கு எதையும் கொண்டு வரல. 'டப்'பு மட்டும் கேட்டுச்சு. மூணாவது வாரம் கத்தியையே தொடல. மாவப் பாக்காம, ஜன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டே, எடக்கையால பிச்சுப் பிச்சுப் போட்டாரு. வெங்காயமும் மெளகும் தக்காளியும் சேத்து வேகவிட்டு, வீட்டம்மா முன்னாடி நீட்டினாரு.

வீட்டம்மா கிண்ணத்தத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. "இது எனக்கு ஒண்ணும் தெரியலயேங்க."

"நெசமாவா?" அவரு மூஞ்சியில அப்படி ஒரு வெளிச்சம்.

ஞாயித்துக்கெழமை மக வந்தா. டப்பாவ எடுத்து வச்சு, மூடியில கை வச்சிருந்தா. அவரு கிண்ணத்த அவ பக்கம் தள்ளி வச்சாரு. மக ஒரு துண்ட ஸ்பூன்ல எடுத்து மேலயும் கீழயும் பாத்தா. கோணல்மாணலா, வெளிறிப்போய், பேரு வைக்க முடியாத ஒரு துண்டு.

"என்னப்பா இது? எது மாதிரியும் இல்லையே."

கறிக்கடைக்காரர் அவ டப்பாவத் தன் பக்கம் இழுத்து, மூடிய ஒரு அழுத்து அழுத்தி, அது மேல கைய வச்சுக்கிட்டாரு.

"எது மாதிரியும் இல்லாத ஒண்ணப் பண்றதுக்குத்தான்மா எனக்கு மூணு வாரம் புடிச்சுது. ஆறிடப் போகுது, சாப்பிடு."