நோட்டில் ஏறாத ஒரு வரி

2024 ஜூன் 18, செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது. குற்றாலத்தில் பஸ் ஏறும்போது சாரல். தென்காசியில் இறங்கும்போது சாரல் நின்று காற்று மட்டும் இருந்தது. ஸ்கேன் சென்டரில் எங்களுக்கு முன்னால் ஏழு பேர். மனைவிக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. வலியோ கட்டியோ எதுவும் இல்லை. மகள் விடாமல் சொன்னதால்தான் மேமோகிராம் எடுக்க வந்திருந்தோம்.

மகளுக்குச் சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலை. அமெரிக்க ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் மார்பகப் பட அறிக்கைகளைப் படித்து, டாக்டர் கண்டு எழுதிய ஒவ்வொன்றுக்கும் உரிய எண்ணைப் போட வேண்டும். ஒரு நாளைக்கு எண்பது அறிக்கை.

"எம்பது பொம்பளையளப் பாக்கா, பெத்தவள வந்து பாக்க நேரமில்ல" என்றாள் மனைவி. பிறகு என்னைப் பார்த்து, "முன்னால ஏழு பேருன்னு எண்ணியாச்சு. மேல ஃபேன் எத்தனைன்னும் சொல்லிருங்க" என்றாள். நான்கு.

மாலையில் அறிக்கை கிடைத்தது. ஒரே பக்கம், ஆங்கிலம். டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். கடைசி வரியைப் படித்தேன். கட்டி எதுவும் தென்படவில்லை.

"ஒண்ணுமில்லட்டி."

"அத நான் காலையிலயே சொன்னேம்லா."

நார்மலை எதற்கு டாக்டரிடம் காட்டுவது என்று பஸ் ஏறிவிட்டோம்.

பொதுப்பணித்துறையில் முப்பத்துமூன்று வருடம் மழை அளவைப் பதிந்தவன் நான். வீட்டிலும் எங்கள் உடம்புக்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தேன். நான்கு கட்டங்கள்: தேதி, இடம், சோதனை, முடிவு. நான்காவதில் 'நார்மல்' என்று எழுதி, உறையை பீரோ மேல் போட்டேன்.

மறுநாள் மகள் போன் செய்தாள். "அப்பா, டென்சிட்டி என்ன போட்டிருக்கு? ஏ, பி, சி, டின்னு ஒரு எழுத்து இருக்கும்."

நோட்டைப் பார்த்தேன். "அப்படி ஒண்ணும் இல்லம்மா. நார்மல்."

"பேப்பரப் பாத்துத்தான சொல்லுதீங்க?"

"பாத்துத்தான் எழுதிருக்கேன்."

"எதுக்கும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கப்பா."

சரி என்றேன். அனுப்பவில்லை. அதன் பிறகும் இரண்டு முறை கேட்டாள். உறையை எடுக்க ஸ்டூல் போட்டு ஏற வேண்டும் என்பதெல்லாம் பிறகு நான் சொல்லிக்கொண்டது. நான் பதிந்ததை இன்னொருவர் சரிபார்ப்பதா என்ற எண்ணம்தான்.

அடுத்த ஏப்ரலில் குளித்துவிட்டு வந்த மனைவி, "இங்கன தொட்டுப் பாருங்க" என்றாள். புளியங்கொட்டை அளவில் இருந்தது. டாக்டர் பார்த்தபோது அக்குளுக்கும் பரவியிருந்தது.

சிகிச்சை திருவனந்தபுரத்தில். கேரள எல்லையில் இருக்கும் புளியறை செக்போஸ்ட்டைப் பதினேழு தடவை தாண்டினோம். வரிசையில் கார் நிற்கும்போதெல்லாம், கண்ணை மூடிக்கொண்டே, "எத்தனை லாரி?" என்று கேட்பாள். நான் சொல்வேன். "ஒண்ணு கூடச் சொல்லுதீங்க" என்பாள். பதினேழாவது தடவை கேட்கவில்லை. அன்று இருபத்திரண்டு லாரிகள் நின்றன. நானாகவே சொன்னேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

காரியம் முடிந்து, இன்சூரன்ஸுக்குக் காகிதங்களைத் திரட்ட மகள் உட்கார்ந்தாள். ஸ்டூலில் ஏறி பீரோ மேலிருந்த உறையையும் அவளே எடுத்தாள். நின்றபடியே படித்தாள். பிறகு ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மாவுக்கு 'டி' போட்டிருக்குப்பா. ரொம்ப அடர்த்தி." விரலை வைத்துக் காட்டினாள். நடுவில், நான்காவது வரி. "மெயினருவில தண்ணி கொட்டும்போது பின்னால ஆளு நின்னா தெரியுமா? அந்த மாதிரிதான். சதையும் வெள்ளையாத் தெரியும், கட்டியும் வெள்ளையாத் தெரியும். அதனாலதான் அல்ட்ராசவுண்டும் எடுத்துப் பாக்கச் சொல்லி எழுதிருக்காங்க."

அவள் விரல் வைத்த வரியை நானும் படித்தேன்.

"இதுக்கு எங்ககிட்ட தனி நம்பரே இருக்கு. யாரோ ஒருத்திக்கு அதப் போடாம விட்டா எனக்கு மார்க் கொறச்சிருவாங்க."

"அன்னைக்கே எடுத்திருந்தா?"

"தெரியாதுப்பா. அப்பவே இருந்துச்சான்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. போனை எடுத்து அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்தாள். மூன்று தடவை எடுத்தாள்.

அவள் ஊருக்குப் போன பிறகு நோட்டை எடுத்து, ஸ்கேல் வைத்து ஐந்தாவதாக ஒரு கட்டம் கிழித்தேன். ஜூன் 18க்கு நேராக 'அடர்த்தி டி' என்று எழுதினேன். மனைவியின் பக்கத்தில் இனி எழுத வேறு எதுவும் இல்லை என்பதால் அடியில் கோடு போட்டு, ரசீதுகளை எடுத்து வைத்துச் செலவைக் கூட்டினேன். அன்று சென்டர் சுவரில் இருந்த கட்டணப் பலகையையும் வரி வரியாகப் படித்திருந்தேன். மார்பக அல்ட்ராசவுண்ட் ஆயிரத்து இருநூறு. இன்சூரன்ஸ் கொடுத்தது போக, என் கையிலிருந்து போனது ரூபாய் 4,86,215.