குரல் போன பின்னும் அக்கா நடத்திய வகுப்பு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளே, நண்பர்களே, தயவுசெய்து அழுதுகொண்டே படிக்காதீர்கள். அக்காவுக்கு அது பிடிக்காது. தம்பி நான் எழுதுகிறேன் என்று தெரிந்திருந்தால், பிழை திருத்தச் சிவப்புப் பேனாவோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

அக்கா பிறந்தது வாலாஜாபாத்தில். அப்பா சீக்கிரமே போய்விட, டியூஷன் எடுத்து என்னைப் படிக்கவைத்தவர் அவர்தான். பிறகு பள்ளியில் பாட்டு ஆசிரியை ஆனார். அங்கே பாட்டு வகுப்பைக் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வார். அக்கா சண்டை போட்டுத் திரும்ப வாங்குவார்.

ஓய்வு பெற்றதும் வடக்குப்பட்டில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறு காலை வகுப்பு தொடங்கினார். வந்தவர்கள் ஒரகடம் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள். பாட வந்தவர்களிடம் முதல் மாதம் முழுக்க வரலாறுதான் பேசினார். ஏழு சுரங்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை என்றெல்லாம் பழந்தமிழில் பெயர் இருந்ததைச் சொன்னார். குடுமியான்மலைப் பாறையில் சுரங்களை எழுத்தாகச் செதுக்கியிருப்பதைப் படத்தில் காட்டினார்.

"இன்னா டீச்சர், கல்லுல வெட்டி வச்சிட்டுப் பூட்டாங்க. யார் பாடறது?" என்றார் பக்கத்துத் தெரு முருகன்.

"நீதான் பாடணும். அதுக்குத்தான் வெட்டி வச்சிக்கிறாங்க" என்றார் அக்கா.

அடுத்த மாதம் ஒரு பயிற்சி வைத்தார். பாதிப் பேர் ஒரு மெட்டைக் கேட்டு, தோன்றிய குறிகளால் எழுத வேண்டும். மீதிப் பேர் அதைப் பார்த்துப் பாட வேண்டும். தாளக் குறியை யாருமே போடாததால், முதல் வாரம் தாலாட்டு குத்துப்பாட்டாக வந்து சேர்ந்தது. அக்கா சிரித்த சிரிப்பு கீழ்வீடு வரை கேட்டது.

பிறகு தொண்டையில் நோய் வந்தது. அறுவை சிகிச்சையில் குரல் போய்விட்டது. நான் உடைந்துபோனேன். அக்கா சிலேட்டில் எழுதினார்: "மனசுல ஒரு மெட்டு இருக்கு. யாரும் கேட்டதில்ல. எழுதித் தரேன். அது அப்படியே வெளிய வருதான்னு ஒருவாட்டி கேட்டுடணும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்த மாணவி செல்வி, அக்கா எழுதித் தந்ததை ஜெராக்ஸ் எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். அக்கா தாளம் போட, பாடத் தொடங்கினார்கள். முதல் வரி சரியாக வந்தது. அக்காவின் கண்கள் கலங்கின. இரண்டாவது வரியில் எல்லோரும் ஒன்றாக மேல் ஸ்தாயிக்குத் தாவினார்கள். அக்கா தாளத்தை நிறுத்தினார்.

"டீச்சர், 'ப'வுக்கு மேல புள்ளி இருக்குல்லா, அதாம் மேல போனோம்" என்றார் செல்வி.

சுரத்தின் மேல் புள்ளி இருந்தால் அதை மேல் ஸ்தாயியில் பாட வேண்டும். அக்கா எழுதிய தாளைப் பார்த்தோம். அதில் புள்ளி இல்லை. ஜெராக்ஸ் கடை வாசலில் செல்வி குடித்த டீ ஒரு துளி அந்த 'ப'வின் மேல் சிந்தியிருந்தது. பிரதியில் அது கறுத்துப் புள்ளியாகிவிட்டது. செல்விக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா மறுபடி பாடச் சொல்லிக் கைகாட்டிவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தார். பேனாவை எடுத்து அந்தக் கறையின் மேலேயே அழுத்திப் புள்ளி வைத்தார். "இதுதான் நல்லா இருக்கு" என்று சிலேட்டில் எழுதினார்.

அடுத்த இரண்டு மாதங்களும் அந்த மகிழ்ச்சியோடுதான் இருந்தார்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஷிப்ட் மாற்றிக்கொண்டு துணைக்கு இருந்த மாணவர்களுக்கும், தினமும் கஞ்சி வைத்துக் கொண்டுவந்த குன்றத்தூர்ச் சித்திக்கும் எங்கள் குடும்பம் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறது.

காரியத்தன்று செல்வி அந்தப் பாட்டைப் பாடினார். சமையற்கட்டிலிருந்த சித்தி கரண்டியோடு ஓடிவந்தார். "இன்னாடா இது, நம்ம பொண்ணு பாடற மாரியே கீது!"

"ஆமா சித்தி, அக்காதான்" என்றேன்.