சலூன்காரரின் இடது கால்

நோயாளிகளிடம் கேள்வி கேட்பதுதான் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. எந்தச் சிகிச்சைக்குச் சம்மதம், எதற்கு இல்லை என்று கேட்டுப் படிவத்தில் எழுதுவேன். பிறகு, சொன்னபடி செய்தார்களா என்று பார்ப்பேன். சிகரெட்டை விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்தவர் ஆஸ்பத்திரி வாசலிலேயே பற்றவைப்பார். ஆளைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று எனக்கு ஒரு தலைக்கனம் இருந்தது. அதை இறக்கிவைத்தவர் எங்கள் தெருமுனைச் சலூன்காரர்.

முப்பது வருடம் நின்றே வேலை பார்த்தவர். கடையில் ஆளில்லாவிட்டாலும் உட்கார மாட்டார். மத்தியானச் சாப்பாடுகூட நின்றபடிதான். "உக்காந்தா துருப்பிடிச்சிடும்னு நெனப்பு" என்று அவர் மனைவி கேலி செய்வார். சர்க்கரை வியாதியில் இடது பாதம் புண்ணாகி விரல்கள் கறுத்துவிட்டன. முட்டிக்குக் கீழே காலை எடுக்காவிட்டால் உயிர் தங்காது என்றார் டாக்டர். நான் மூன்று முறை கேட்டேன்.

"செத்தாலும் வேண்டாம்னு எழுதும்மா. காலில்லாம நான் எதுக்கு?"

எழுதினேன். இந்த மனிதர் வரவே மாட்டார் என்று அடித்துச் சொல்லி, டாக்டர் அவருக்கென்று ஒதுக்கியிருந்த திங்கட்கிழமை ஆபரேஷன் நேரத்தை வேறொருவருக்குக் கொடுக்கவும் வைத்தேன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மனைவியின் தோளைப் பிடித்தபடி வந்து நின்றார். உடம்பு அனலாய்க் கொதித்தது. டாக்டரிடம் போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "இன்னிக்குக் கடைசி ஆபரேஷனா சேத்துக்கறேன். காலை ஷேவ் பண்ணித் தயாரா வைங்க" என்றார்.

நர்ஸ் போர்வையை விலக்கினார். கணுக்காலிலிருந்து தொடைவரை ஒரு முடி இல்லை, ஒரு கீறல் இல்லை.

"யாரு பண்ணது?"

"நான்தான். வேற ஆள் கத்தி எம்மேல படவிடுவேனா?"

"முட்டிக்குக் கீழதானே எடுக்கறாங்க. தொடைவரைக்கும் எதுக்கு?"

"பாதியில, இன்னும் மேல எடுக்கணும்னு சொன்னா? அந்நேரம் ஒரு ஆளைத் தேடிட்டு நிப்பாங்களா?"

முந்தின நாள் சாயங்காலம் கடையைச் சாத்திக்கொண்டு, வாடிக்கையாளர் நாற்காலியில் இடது காலைத் தூக்கிவைத்து, வலது காலில் நின்றே ஒரு மணி நேரம் மழித்தாராம். மனைவிதான் சொன்னார். இப்படி ஒரு மனிதரையா நான் ஒரு வரியில் எழுதி முடித்தேன்?

நல்லவேளை, ஆபரேஷன் முட்டிக்குக் கீழேயே நின்றது. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியிருந்தது. ஆபரேஷன் சம்மதத் தாளில் அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருந்தார்; என் பழைய படிவத்தையும் திருத்தலாமென்று அவர் கட்டிலருகே போய்ப் பேனாவைத் திறந்தேன்.

"என்னம்மா பண்ற?"

"வேண்டாம்னு போட்டிருக்கே, அதை அடிச்சிடறேன்ண்ணே."

"அடிக்காத. இப்பவும் எனக்கு வேண்டாம்தான்."

"அப்புறம் ஏண்ணே வந்தீங்க?"

போர்வையின் தட்டையான பக்கத்தை இழுத்துச் சரிசெய்தார்.

"தெரியலம்மா. வேண்டாம் வேண்டாம்னு சொல்லிக்கிட்டேதான் கத்தியை எடுத்தேன்."