பச்சையாய்ப் பூத்த சாமந்தி

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளைத் தெரியாதவர் இல்லை. அவளுடைய சொந்தப் பெயரைத் தெரிந்தவரும் இல்லை. எல்லாருக்கும் அவள் பச்சையக்கா. இத்தனைக்கும் அவள் பார்க்கும் வேலை முழுக்க முழுக்க வெள்ளை. உலர்த்தும் இயந்திரத்திலிருந்து கை சுடச் சுட வரும் படுக்கை விரிப்புகளை, எதிரே நிற்பவளோடு சேர்ந்து முனைக்கு முனை பிடித்து இழுத்து, மடித்து, வார்டு வாரியாக அடுக்க வேண்டும். காலையில் அடுக்கியது மாலையில் அழுக்காகத் திரும்பி வரும். மகளைத் தூர ஊரில் கட்டிக்கொடுத்ததும், புருஷனுக்கு நெஞ்சுவலி வந்து போனதும், அவளுக்குத் தலை நரைத்ததும் எல்லாம் அந்த விரிப்புகளை மடித்துக்கொண்டிருக்கும்போதே நடந்து முடிந்துவிட்டன.

பச்சை அவள் வாழ்க்கைக்குள் வந்ததும் ஓர் அழுக்கு மூட்டை வழியாகத்தான். ஒருநாள் மூட்டையைப் பிரித்தபோது, யாரோ ஒரு நோயாளிக்குக் கொடுத்த பூங்கொத்து உள்ளே நசுங்கிக் கிடந்தது. குப்பைத் தொட்டியில் வீசப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். வாடிய பூக்களுக்கு நடுவே ஒரு சாமந்தி, இதழெல்லாம் இளம்பச்சை. இலையோ என்று தடவிப் பார்த்தாள். பூதான். இப்படி ஒரு பூ இருப்பதே தெரியாமல் பாதி வாழ்க்கை போய்விட்டதே என்று இருந்தது அவளுக்கு. காம்பை ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்து, வீட்டுக்குப் பின்னால் மணல் தொட்டியில் ஊன்றினாள். வேர் பிடித்துவிட்டது.

அவளுக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. நர்சரியில் தேடி அலைந்து வாங்கிய பச்சை ரோஜா, விதை போட்டு முளைக்க வைத்த பச்சை ஜினியா, தண்டைச் சுற்றி மணி மணியாக அடுக்கினாற்போல் பூக்கும் இன்னொரு பச்சை என்று பின்புறத்து மதில் ஓரமெல்லாம் தொட்டிகள் நிறைந்தன.

லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷனுக்கு வாய் சும்மா இருக்காது. "எல்லாரும் பூ வளப்பாங்க. என் பொண்டாட்டி பூவுக்கு எல வேஷம் போட்டு விட்டிருக்கா" என்பார்.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா ஒருநாள் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "ஏக்கா, இதெல்லாம் எப்பத்தான் பூக்கும்?" என்று கேட்டாள்.

"பூத்து ஒரு வாரமாச்சு."

"அடப்பாவமே. யாருமே சொல்லலயே எங்கிட்ட."

பச்சையக்கா சிரித்துக்கொண்டாள். அவளுடைய பெருமை வேறு இடத்தில் இருந்தது. இந்தப் பச்சைகளுக்கு நடுவே சாதாரண வெள்ளைச் சாமந்தித் தொட்டி ஒன்றும் இருந்தது. அந்த வருஷம் அதில் வந்த மொட்டு விரிந்தபோது, அவள் கையிலிருந்த பூவாளி நழுவிக் கீழே விழுந்தது. பூ பச்சை. வெறும் பச்சை இல்லை, பூவின் நடுவிலிருந்து சின்னச் சின்ன இலைகள் வேறு எட்டிப் பார்த்தன. பூவுக்குள்ளிருந்து ஒரு செடி. எந்தக் கடையிலும் எந்தப் படத்திலும் அவள் பார்த்திராத அதிசயம்.

"என்னங்க, பச்சைக்குப் பக்கத்துல இருந்து இருந்து இதுவும் பச்சையாயிடுச்சு."

"அப்படியா? எனக்கும் எங்கேயாவது வருதான்னு முதுகப் பாரு" என்று சட்டையைத் தூக்கினார் புருஷன்.

அவள் பார்க்கவில்லை. அந்த வெள்ளைச் செடியின் கிளைகளை வெட்டி வெட்டித் தொட்டி தொட்டியாக ஊன்றிக்கொண்டிருந்தாள். தன் கையால், தன் வீட்டில் பிறந்த பூ. வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்கென்று ஒன்று.

அந்தச் செய்தி காற்றுவாக்கில் அவளுடைய தங்கை காதுக்குப் போனது. இரண்டு தெரு தள்ளி, பஸ் டிப்போவுக்குப் பின்னாலிருக்கும் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாமந்திப் பாத்தி போட்டுப் பூக்கடைகளுக்குக் கொடுப்பவள் தங்கை. புருஷன் போன பிறகு அந்தப் பாத்திகள்தான் அவளுக்கும் காலேஜில் படிக்கும் மகளுக்கும் சோறு. அம்மாவின் கடைசிக் காலத்தில் யார் வீட்டில் வைத்துப் பார்ப்பது என்று கிளம்பிய வாக்குவாதத்தில், அக்காளும் தங்கையும் சொல்லக்கூடாததெல்லாம் சொல்லிவிட்டார்கள். அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். பேச்சும் போனது. தெருவில் எதிரே வந்தால் ஒருத்தி மளிகைக் கடைக்குள் நுழைந்துகொள்வாள்.

அந்தத் தங்கை வந்து வாசல் கேட்டைத் திறந்தபோது பச்சையக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"என்னமோ பச்சையா பூத்திருக்காமே" என்றாள் தங்கை, எங்கோ பார்த்துக்கொண்டு.

"உள்ள வாடி."

பூவைப் பார்த்ததும் தங்கையின் கண் விரிந்தது. உட்கார்ந்து, இதழை விலக்கி, தண்டைத் தடவி, வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. பிறகு கேட்டாள். "ஒரு கொப்பு குடுக்கா. பச்சைன்னா பூக்கடைக்காரன் அடிச்சுப் புடிச்சு வாங்குவான்."

பச்சையக்காவுக்கு ஏனோ மனசு வரவில்லை. "கண்காட்சி முடியட்டும். போட்டிக்கு வெக்கப் போறேன். அதுக்கு முன்னாடி வேற எங்கயும் இது இருக்கக்கூடாது."

தங்கை முகம் சுண்டினாலும், வருவதை நிறுத்தவில்லை. வரும்போது உரம் கொண்டுவந்தாள். டீ போட்டாள். ஒருநாள் அக்காவின் நரைத்த தலையைப் பார்த்து, "மையாவது போடேன், எனக்கு அம்மா மாதிரி இருக்க" என்று சொல்லிவிட்டாள். அம்மா என்ற சொல் வாயில் வந்துவிட்டதே என்று இருவருமே தலையைக் குனிந்துகொண்டார்கள். தங்கை போன பிறகு பச்சையக்கா சமையலறையில் தனியாக நின்று அழுதாள். ஒரு பூ திருப்பிக் கொடுத்த தங்கை என்று நினைத்தாள்.

கண்காட்சி நகர மண்டபத்தில் நடந்தது. பச்சையக்கா கல்யாணத்துக்குப் போவதுபோல் உடுத்திக்கொண்டு, தாய்த் தொட்டியை மடியில் வைத்தபடி ஆட்டோவில் வந்து இறங்கினாள். கூடவே தங்கை. மேஜையைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. படம் எடுத்தார்கள். "இது நெஜப் பூவா?" என்று ஒருவர் கிள்ளியே பார்த்தார். முதல் பரிசு கைக்கு வந்துவிட்டதாகவே அவளுக்குத் தோன்றியது.

நடுவராக வந்திருந்தவர் செடிகளுக்கு வரும் நோய்களை ஆராயும் ஒரு பெண்மணி. மேஜைக்கு மேஜை சிரித்துக்கொண்டே வந்தவர் இந்தத் தொட்டியின் முன்னால் வந்ததும் சிரிப்பை நிறுத்தினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். பூவின் நடுவிலிருந்த இலைகளைப் பார்த்தார். அடியில் குச்சி குச்சியாகக் கிளம்பியிருந்த மெலிந்த கிளைகளைப் பார்த்தார். பிறகு உதவியாளரைக் கூப்பிட்டுப் பெரிய பிளாஸ்டிக் பை ஒன்று கேட்டார்.

பரிசை அதில் போட்டுத் தருவார்களோ என்று கூட நினைத்தாள் அந்தப் பைத்தியக்காரி.

பையைச் செடியின் தலைவழியே இறக்கி, தொட்டியோடு சேர்த்துக் கயிற்றால் இறுகக் கட்டினார் நடுவர். பச்சையக்காவுக்கு குழந்தையின் முகத்தில் துணியைப் போட்டு மூடுவதைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"என்னம்மா பண்றீங்க? அதுக்குக் காத்து வேணும்."

"உக்காருங்கம்மா" என்றார் நடுவர், தணிந்த குரலில். "இது புது ரகம் இல்ல. நோய். செடிக்குச் செடி தாவிச் சாறு உறிஞ்சுற தத்துப்பூச்சி ஏதோ களையில இருந்து கொண்டுவந்து விட்டிருக்கு. பூவா வர வேண்டியது இலையா மாறிடும். மருந்து கிடையாது. பிடுங்கித்தான் ஆகணும்."

"எங்கிட்ட பச்சை ரோஜா இருக்கே. அதுவும் நோயா?"

"இல்ல. அது பிறப்புலயே பச்சை. இது வெள்ளையாப் பிறந்து பச்சையானது. அதான் வித்தியாசம். சாமந்தி ஒண்ணு விடாம எடுத்துடுங்க. இதுல இருந்து யாருக்காவது கொப்பு குடுத்தீங்களா?"

"இல்லம்மா. ஒருத்தருக்கும் குடுக்கல. என் தங்கச்சி கேட்டா, அவளுக்கே குடுக்கல."

சொல்லிக்கொண்டே திரும்பினாள். தங்கையின் முகத்தில் ரத்தம் இல்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவள், திடீரென்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே ஓடினாள்.

பச்சையக்காவுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. புரிந்தது தலைக்கு ஏறத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது. நோய் என்று கேட்டபோது இடிந்த மனசு, இப்போது இரண்டாம் முறை இடிந்தது.

மண்டபத்தின் படிக்கட்டில் தங்கை உட்கார்ந்திருந்தாள். பச்சையக்கா அவளுக்கு எதிரே நின்றாள்.

"எப்ப எடுத்த?"

"ரெண்டாவது தடவ வந்தப்ப. நீ டீக்குப் பால் வாங்கப் போயிருந்த." தங்கையின் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "வேர் புடிச்சதும் பாத்தியோரமா நட்டேன். போன மாசம் பக்கத்து வரிசையெல்லாம் பச்ச தட்ட ஆரம்பிச்சது. எனக்கு ஒரே சந்தோஷம்க்கா. பச்சை தானா பரவுதுன்னு நெனச்சேன். கடைக்காரன்கிட்ட அட்வான்ஸ் பேசக்கூடப் போயிட்டேன்."

பூச்சி நோயைப் பரப்பிக்கொண்டு போனதைப் பார்த்துக் கைதட்டியிருக்கிறாள்.

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமில்ல."

"கேட்டேனே. குடுத்தியா?"

பச்சையக்கா படியில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு மட்டும் நெஜமாச் சொல்லு. இத்தன நாள் வந்தியே, என்னப் பாக்க வந்தியா, செடியப் பாக்க வந்தியா?"

தங்கை பொய் சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும்.

"மொதல்ல செடியத்தான்" என்றாள். "எடுத்த பிறகு எனக்கு வர வேண்டிய வேலையே இல்ல. ஆனா வந்தேன்."

உள்ளேயிருந்து நடுவர் வந்து அவர்களைத் தேடிப் பிடித்தார். தங்கை தலை நிமிராமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் திட்டவில்லை. பச்சையானவற்றையும், பக்கத்தில் மஞ்சள் தட்டி மெலிந்தவற்றையும் இன்றைக்கே பிடுங்கினால் மீதியைக் காப்பாற்ற வழியிருக்கிறது என்றார்.

நடுவர் கொடுத்த பைகளை எடுத்துக்கொண்டு, பட்டுச்சேலையோடு நேரே பாத்திக்குப் போனார்கள். டிப்போ மதிலிலிருந்து பாதி நிலம்வரை பச்சைப் பச்சையாகப் பூத்து நின்றது. இன்று காலை வரை அதுதான் தங்கைக்கு உலகத்திலேயே அழகான காட்சி. அவள் வரப்பில் நின்றபடி முதல் செடியை வெடுக்கென்று இழுக்கப் போனாள்.

"உதறாத" என்று கையைப் பிடித்தாள் பச்சையக்கா. "பூச்சி பறந்து அடுத்ததுல உக்காரும். தொத்து நோய் வார்டுத் துணி வந்தா நாங்க உதற மாட்டோம். அழுக்கு உள்ள போற மாதிரி சுருட்டி, அப்படியே பைக்குள்ள. இங்க பாரு."

பையைச் செடிமேல் கவிழ்த்து, அதற்குள்ளேயே கொத்தாகச் சுருட்டி, வேரோடு மெதுவாக எழுப்பிக் காட்டினாள். தங்கை பார்த்துச் செய்தாள். வரிசை வரிசையாகக் குனிந்து நகர்ந்தார்கள். பச்சை விழுந்தது. வெயில் சாயும்போது பாதி நிலம் மொட்டை. மீதிப் பாதி, வெள்ளையும் மஞ்சளுமாக, ஒன்றும் தெரியாததுபோல் நின்றது.

தங்கை மண் கையோடு அந்த மொட்டை நிலத்தைப் பார்த்தாள். "இந்தத் தடவ பொண்ணோட ஃபீஸ் கட்ட முடியாது."

"பாப்போம். நான் ஒருத்தி இருக்கேன்ல."

தங்கை மூக்கை முழங்கையால் துடைத்துக்கொண்டாள். பிறகு மிச்சமிருந்த பைகளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"உன் வீட்ல எத்தன தொட்டி இருக்கு?"

"நெறைய."

"வா. இருட்டறதுக்குள்ள முடிச்சிடலாம்."

வீட்டுப் பின்புறத்தில் அந்தச் சாமந்திகள் அப்போதும் பூத்துக்கொண்டுதான் இருந்தன. லிஃப்ட் மெக்கானிக் விஷயத்தைக் கேட்டதும் வாயைத் திறந்தார், மனைவி முகத்தைப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் மண்வெட்டியை எடுத்து வந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். பச்சையக்கா முதல் தொட்டியின் முன்னால் மண்டியிட்டாள். கை செடிவரை போனது. அதற்கு மேல் போகவில்லை. தங்கையின் பாத்தியில் சளைக்காத கை, தன் செடியிடம் வந்ததும் மரத்துப்போனது.

"நகரு" என்றாள் தங்கை. "நீ உள்ள போய் உக்காரு. நான் எடுக்கறேன்."

பச்சையக்கா நகர்ந்துகொடுத்தாள். உள்ளே போகவில்லை. தங்கை செடியைப் பிடித்ததும், பையின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டாள்.